அட்டை இருக்கிறது, பெயர் இருக்கிறதா?

வாக்குச் சாவடியிலிருந்து இருநூறு மீட்டர் தள்ளி மேசை போட்டு, சீட்டு எழுதிக் கொடுத்த அனுபவம் உள்ள நம் இளைஞர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். வெயில் ஏறும் நேரத்தில் வயதான தாய் ஒருவர் பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு சாவடிக்குள் போவார். ஐந்து நிமிடத்தில் திரும்பி வருவார். விரலில் மை இருக்காது. கையில் ஸ்மார்ட் ரேஷன் கார்டு இருக்கும். "இது செல்லாதாம் வாப்பா" என்பார்.

அரசாங்கம் கொடுத்த அட்டை, படம் போட்ட அட்டை, அரிசிக்கும் சர்க்கரைக்கும் செல்லுகிற அட்டை, ஓட்டுக்குச் செல்லாதா? செல்லாது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் வாக்காளர் அடையாள அட்டை இல்லாதவர்கள் காட்டலாம் என்று தேர்தல் ஆணையம் பன்னிரண்டு ஆவணங்களைச் சொன்னது. ஆதார், பான் கார்டு, டிரைவிங் லைசென்ஸ், பாஸ்போர்ட், புகைப்படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை, புகைப்படத்துடன் கூடிய ஓய்வூதிய ஆவணம், மாற்றுத் திறனாளி அட்டை எல்லாம் அதில் உண்டு. ரேஷன் கார்டு இல்லை. வீடு தேடி வந்து கொடுக்கும் பூத் சிலிப்பும் 2019 முதல் தனித்து அடையாளமாகச் செல்லாது. கட்சிக்காரர்கள் எழுதிக் கொடுக்கும் சீட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

ஆனால் அந்தத் தாய்க்கு நேர்ந்தது பெரிய இழப்பல்ல. பேரன் வீட்டுக்கு ஓடி ஆதாரை எடுத்து வந்தால் தீர்ந்தது. உண்மையில் ஓட்டை இழந்தவர் அவருக்குப் பின்னால் வந்தவர். கடையைச் சாத்திவிட்டு வந்த வியாபாரி. பையில் வாக்காளர் அட்டை பளபளவென்று இருக்கிறது. பதினைந்து வருடமாகப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார். பட்டியலைப் புரட்டிய அலுவலர் நிமிர்ந்து பார்த்து, "பாய், உங்க பேரு லிஸ்ட்ல இல்லையே" என்கிறார். ஆதாரை நீட்டினார், பாஸ்போர்ட்டை நீட்டினார், ஜி.எஸ்.டி. சான்றிதழைக்கூட நீட்டப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. நடக்கவும் நடக்காது. அட்டை இல்லாத குறையை இன்னோர் ஆவணம் தீர்க்கும். பெயர் இல்லாத குறையை வாக்குப்பதிவு நாளில் எந்த ஆவணமும் தீர்க்காது.

இந்த வேறுபாடு நம் சமுதாயத்தில் இன்னும் உறைக்கவில்லை. அட்டையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். அட்டையைக் கண்டு பயந்தோம், பிறகு அட்டை கிடைத்ததும் எல்லாம் கிடைத்துவிட்டதாக நினைத்து உறங்கினோம்.

பயந்ததற்குக் காரணம் இல்லாமலில்லை. 1993 ஆகஸ்டில் அன்றைய தலைமைத் தேர்தல் ஆணையர் டி.என்.சேஷன் எல்லா வாக்காளர்களுக்கும் புகைப்பட அட்டை வழங்க உத்தரவிட்டார். அட்டை கொடுத்து முடிக்காவிட்டால் தேர்தலே இல்லை என்றும் மாநில அரசுகளை மிரட்டினார். அதே காலத்தில்தான் தில்லியிலும் பம்பாயிலும் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்த ஏழை முஸ்லிம்களுக்கு, "நீ இந்தியன் என்று நிரூபி" என்று நோட்டீஸ் போனது. விசாரிக்க வந்தது போலீஸ். அந்த வழக்கு உச்சநீதிமன்றம் வரை போய், லால்பாபு ஹுசைன் வழக்கு என்ற பெயரில் 1995 பிப்ரவரியில் தீர்ப்பானது. ஏற்கெனவே பட்டியலில் பெயர் உள்ளவரைச் சும்மா சந்தேகத்தின் பேரில் நீக்க முடியாது, காரணத்தைச் சொல்லி நோட்டீஸ் தர வேண்டும், அவர் தரும் எந்தச் சான்றையும் பரிசீலிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. நம் இளைஞர்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய தீர்ப்புகளில் அது ஒன்று.

முப்பது ஆண்டு கழித்து அதே கேள்வி வேறு உடையில் வந்தது. 2025 ஜூன் 24ஆம் தேதி பீகாரில் சிறப்புத் தீவிரத் திருத்தத்திற்கு உத்தரவு போட்டார்கள். ஆகஸ்டு முதல் தேதி வெளியான வரைவுப் பட்டியலில் 65 இலட்சம் பெயர்கள் இல்லை. நீக்கப்பட்டவர்களின் பெயரையும் காரணத்தையும் வெளியிடுங்கள் என்று உச்சநீதிமன்றம் சொன்ன பிறகே வெளியிட்டார்கள். ஆதாரையும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று செப்டம்பர் 8ஆம் தேதி உத்தரவு வர வேண்டியிருந்தது. பிறகு நம் மாநிலத்தின் முறை. 2025 டிசம்பர் 19ஆம் தேதி தமிழ்நாட்டு வரைவுப் பட்டியல் வந்தபோது 97 இலட்சத்திற்கும் மேற்பட்ட பெயர்கள் போயிருந்தன. அவற்றில் 66 இலட்சத்துக்கும் மேற்பட்டவை இறந்தவர்கள் கணக்கல்ல, இரட்டைப் பதிவுக் கணக்குமல்ல. இடம் பெயர்ந்தவர்கள், விலாசத்தில் காணப்படாதவர்கள் என்ற கணக்கு.

காணப்படாதவர்கள்! வியாபாரச் சமுதாயமே, இந்தச் சொல்லை ஒரு முறைக்கு இரண்டு முறை படியுங்கள். காயல்பட்டினத்துக்காரர் மண்ணடியில் இருப்பார். கடையநல்லூர்க்காரர் கேரளத்தில் இருப்பார். கீழக்கரைச் சபுராளி துபாயில் இருப்பார். கதவைத் தட்டும் நேரத்தில் காணப்படாமல் இருப்பதே நம் பிழைப்பு. காணப்படாதவர் கணக்கில் நாம் எத்தனை பேர் என்று ஊருக்கு ஊர் எண்ணிப் பார்த்தோமா?

சட்டம் என்ன சொல்கிறது? 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, வீடு சொந்தமாக இருப்பதால் மட்டும் ஒருவர் அங்கு வசிப்பவராகிவிட மாட்டார் என்கிறது. அதே பிரிவு, தற்காலிகமாக வெளியே போயிருப்பதால் ஒருவர் அங்கு வசிக்காதவராகிவிடவும் மாட்டார் என்கிறது. முதல் பாதியை அதிகாரிகள் படித்திருக்கிறார்கள். இரண்டாம் பாதியை நாம் படித்து வைத்துக்கொள்ள வேண்டும். மாதம் இரண்டு முறை ஊருக்கு வருகிற, குடும்பம் ஊரிலேயே இருக்கிற வியாபாரி "காணப்படாதவர்" ஆகமாட்டார். ஆனால் சென்னையில் குடும்பத்தோடு குடியேறி, பிள்ளைகளை அங்கேயே பள்ளியில் சேர்த்துவிட்டு, ஊரிலும் ஓர் ஓட்டு இருக்கட்டும் என்று நினைப்பவர் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்கிறார். இரண்டு இடத்தில் பெயர் வைத்திருப்பது சட்டப்படி கூடாது. தெரிந்தே பொய் உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை. ஊர்ப்பாசம் வேறு, ஓட்டு வேறு. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

பெயரால் வரும் தொல்லை

சில தொல்லைகளுக்கு அரசாங்கத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரே மனிதரின் காகிதங்களை மேசையில் பரப்பிப் பாருங்கள். ஆதாரில் முகமது இபுராகிம். பாஸ்போர்ட்டில் முஹம்மது இப்ராஹிம். வாக்காளர் பட்டியலில் இப்ராகிம்சா. கடை லைசென்ஸில் எஸ்.எம்.இப்ராஹிம். ஊரில் யாரிடம் கேட்டாலும் இந்த நான்கு பேரையும் தெரியாது, பட்டப்பெயரைச் சொன்னால்தான் வீட்டைக் காட்டுவார்கள். பெண்கள் பாடு இன்னும் மோசம். பாத்திமுத்து ஜொஹரா என்ற பெயரை எழுதத் தெரியாமல் கணக்கெடுக்க வந்தவர் பாத்திமா என்று பாதியில் நிறுத்திவிடுகிறார். மரியம் பீவி மரியம்மாள் ஆகிவிடுகிறார். பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டுவிடுவதால், வளைகுடாவில் மகனை வாப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வேடிக்கையும் நடக்கிறது.

வாக்குச் சாவடியில் இதனால் பெரிய ஆபத்தில்லை. ஆள் அவர்தான் என்று தெரிந்தால், பட்டியலில் உள்ள எழுத்துப் பிழை, அச்சுப் பிழைகளைப் பொருட்படுத்தக் கூடாது என்று தேர்தல் நடத்தை விதிகளே சொல்கின்றன. வேறு தொகுதியில் வாங்கிய பழைய அட்டையாக இருந்தாலும், இந்தச் சாவடியின் பட்டியலில் பெயர் இருந்தால் ஓட்டுப் போடலாம். ஏஜெண்ட் யாராவது "இவர் அவரல்ல" என்று ஆட்சேபித்தால், ஒவ்வோர் ஆட்சேபத்துக்கும் இரண்டு ரூபாய் ரொக்கமாகக் கட்ட வேண்டும், வாக்குச் சாவடித் தலைமை அலுவலர் அங்கேயே விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். அந்த இரண்டு ரூபாய் கட்டாமல் வாயால் கத்துகிறவரின் பேச்சு ஆட்சேபமே அல்ல. நம் ஏஜெண்டுகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஆபத்து திருத்த காலத்தில்தான். அப்போது கேட்கப்படுவது ஆளை அல்ல, காகிதத்தை. 2025 திருத்தத்தில், 2002, 2005ஆம் ஆண்டுப் பட்டியல்களில் உங்கள் பெயரோ உங்கள் வாப்பா, உம்மா பெயரோ எங்கே இருந்தது என்று கேட்டார்கள். பழைய பட்டியலில் எழுத்து ஒன்றாகவும் புதிய படிவத்தில் வேறொன்றாகவும் இருந்தால் தேடுபவர் கண்டுபிடிப்பாரா? 2008 தொகுதிச் சீரமைப்பில் தெருக்களே தொகுதி மாறிப் போயின. தேடத் தெரிந்த ஒரு கல்லூரி மாணவன் வீட்டில் இருந்தால் அந்தக் குடும்பம் தப்பியது. இல்லாத குடும்பம் என்ன செய்தது?

முகமும் திரையும்

அடையாளம் என்றாலே நம் பெண்களின் முகத்திரையை இழுத்துப் பேசுவது சிலருக்கு வழக்கமாகிவிட்டது. 2022 பிப்ரவரி 19ஆம் தேதி நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில், மேலூர் வாக்குச் சாவடி ஒன்றில் ஹிஜாப் அணிந்து வந்த சகோதரியை ஓட்டுப் போட விடக் கூடாது என்று பா.ஜ.க. ஏஜெண்ட் ஒருவர் கூச்சலிட்டார். அவரை வெளியேற்றிவிட்டு வாக்குப்பதிவு தொடர்ந்தது. அந்த இடத்தில் மற்றக் கட்சிகளின் ஏஜெண்டுகள் ஒன்றாக நின்று கண்டித்ததைத் தமிழ்நாட்டின் மரியாதை என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் இந்த விஷயத்தில் நம் பக்கத்து வாதம் எல்லாம் சரியா? 1960லேயே கல்கத்தா தென்மேற்குத் தொகுதி இடைத்தேர்தலில் புகைப்பட அட்டையைச் சோதித்துப் பார்த்தார்கள். படம் எடுத்துக்கொள்ளப் பெண்கள் பலர் மறுத்ததும் அந்த முயற்சி கைவிடப்பட்டதற்கு ஒரு காரணம். அது அந்தக் காலம். பின்னர் வாக்காளர் பட்டியலில் பெண்களின் படம் அச்சாவதை எதிர்த்து மதுரையிலிருந்து ஒரு வழக்குப் போனது. சென்னை உயர்நீதிமன்றம் 2006ல் ஏற்கவில்லை. 2010 ஜனவரியில் உச்சநீதிமன்றம், முகத்தைக் காட்ட விருப்பமில்லை என்றால் ஓட்டுப் போட வராமல் இருக்கலாமே என்ற பொருளில் பேசியது. கேட்கக் கசப்பாகத்தான் இருந்தது.

ஆனாலும் நம்மை நாமே ஒன்று கேட்டுக்கொள்வோம். ஹஜ்ஜுக்குப் போகப் பாஸ்போர்ட் வேண்டும், பாஸ்போர்ட்டுக்குப் படம் வேண்டும். அந்தப் படத்தை விமான நிலையத்தில் பார்க்கிறவர்கள் எத்தனை ஆண்கள்! அங்கே அனுமதித்த தேவையை இங்கே மறுப்பது எப்படி? வாக்கு ஒரு சாட்சியம் என்று உலமாக்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். சாட்சி சொல்ல வருபவர் தாம் யார் என்று தெரிவிக்க வேண்டாமா? நாம் கேட்க வேண்டியது படம் வேண்டாம் என்பதையல்ல. முகத்தைப் பார்ப்பவர் பெண் அலுவலராக இருக்க வேண்டும், திரை மறைவில் பார்க்க வேண்டும் என்பதைத்தான். இதுவும் சலுகையல்ல. கோஷாப் பெண்கள் கணிசமாக உள்ள சாவடிகளில் பெண் அலுவலரைக் கொண்டு, தனி மறைவிடத்தில், அவர்களின் கண்ணியத்துக்குக் குறைவு வராமல் அடையாளம் பார்க்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் கையேட்டிலேயே உள்ளது. தேர்தல் தேதி அறிவித்த வாரத்திலேயே ஜமாஅத் லெட்டர்பேடில் தேர்தல் அதிகாரிக்கு ஒரு கடிதம் கொடுத்து, எந்தெந்தச் சாவடி எண் என்று குறிப்பிட்டு, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கி வைத்தால் அன்றைய தினம் வாசலில் வாக்குவாதம் வராது. நாமோ அன்றைய தினம் வாசலில் நின்றுதான் கடிதம் எழுதத் தொடங்குகிறோம்.

தபாலில் ஓட்டு

நேரில் வருபவருக்கு இத்தனை வழிகள் உண்டு. வர முடியாதவருக்கு?

நம் நாட்டில் தபால் ஓட்டு எல்லோருக்கும் உரியதல்ல. இராணுவத்தினர், தேர்தல் பணியில் உள்ள ஊழியர்கள், தடுப்புக் காவலில் உள்ளவர்கள், அறிவிக்கப்பட்ட அத்தியாவசியப் பணியாளர்கள், நாற்பது சதவீதத்திற்குக் குறையாத ஊனம் உள்ளவர்கள், 85 வயதைக் கடந்தவர்கள். வயது வரம்பு முன்பு எண்பதாக இருந்தது. 2024 மார்ச்சில் எண்பத்தைந்தாக உயர்த்திவிட்டார்கள். முதியோரும் ஊனமுற்றோரும் தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாட்களுக்குள் படிவம் 12டி கொடுத்தால், இரண்டு அலுவலர்கள் கேமராவோடு வீட்டுக்கே வந்து அடையாளம் பார்த்து ஓட்டை வாங்கிச் செல்வார்கள். உங்கள் வீட்டுப் பெரியவருக்கு இது தேவையானால் பயன்படுத்துங்கள். ஆனால் படிவம் கொடுத்துவிட்டால் பிறகு சாவடிக்குப் போய்ப் போட முடியாது.

வளைகுடாவில் உள்ளவருக்குத் தபால் ஓட்டு இல்லை. 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அவர் படிவம் 6ஏ கொடுத்துப் பட்டியலில் சேரலாம். அட்டை தரமாட்டார்கள். தேர்தல் அன்று விமானம் ஏறி ஊருக்கு வந்து, அசல் பாஸ்போர்ட்டைக் காட்டி ஓட்டுப் போடலாம். தம்மாமில் பெட்டி தூக்குகிற தம்பி ஓர் ஓட்டுக்காக இரண்டு மாதச் சம்பளத்தைச் செலவழித்து வர வேண்டுமாம்! 2024 தேர்தலில் நாடு முழுவதும் வெளிநாடு வாழ் வாக்காளர்களாகப் பதிந்திருந்தவர்கள் ஏறத்தாழ 1 இலட்சத்து 19 ஆயிரம். வந்து போட்டவர்கள் மூவாயிரத்துக்கும் குறைவு. அவர்களிலும் பெரும்பாலோர் கேரளத்தவர். கேரளத்துச் சகோதரர்கள் இதையும் ஒரு வேலையாக எடுத்துச் செய்கிறார்கள், நாம் செய்வதில்லை என்பதையும் அந்தக் கணக்கு சொல்கிறது.

பதிலாள் மூலம் ஓட்டுப் போட அனுமதிக்கும் மசோதா 2018 ஆகஸ்டில் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவைக்குப் போகாமலே 2019ல் காலாவதியானது. 2020 நவம்பரில், மின்னணு முறையில் தபால் வாக்குச் சீட்டை அனுப்பலாம் என்று தேர்தல் ஆணையமே அரசுக்கு எழுதியது. 2021 தமிழ்நாடு, கேரளத் தேர்தல்களுக்கே தயார் என்றது. அதுவும் நடக்கவில்லை. உள்நாட்டில் வெளியூரில் இருப்பவர்களுக்காக 2023 ஜனவரியில் ஒரு தொலைதூர வாக்கு இயந்திரத்தைக் காட்டினார்கள். எதிர்க்கட்சிகள் ஒப்பவில்லை, இயந்திரம் திரும்பிப் போனது.

அப்படியானால் எல்லோருக்கும் தபால் ஓட்டு கொடு என்று கோஷம் போடலாமா? இங்குதான் நாம் நிதானிக்க வேண்டும் என்பது என் கருத்து. நண்பர்கள் சிலருக்கு இது பிடிக்காது.

தபால் ஓட்டில் முகத்தைப் பார்ப்பவர் யாரும் இல்லை. அதனால் காகிதமே முகம். படிவம் 13ஏ என்ற உறுதிமொழியில் வாக்காளர் கையெழுத்துப் போட, அதற்கு உரிய அதிகாரி சான்றொப்பம் இட வேண்டும். வாக்குச் சீட்டு ஓர் உறையில், அந்த உறையும் உறுதிமொழியும் இன்னோர் உறையில். சான்றொப்பம் சரியில்லை என்றால் உள்ளுறையைப் பிரிக்காமலே ஓட்டைத் தள்ளிவிடுவார்கள். செக்கில் கையெழுத்து மாறினால் வங்கி திருப்பி அனுப்புமே, அதுபோல. செக்கை மறுபடி எழுதலாம், ஓட்டை எழுத முடியாது.

இராதாபுரத்தை மறந்துவிட்டோமா? 2016 சட்டமன்றத் தேர்தலில் அங்கு அ.தி.மு.க. வேட்பாளர் இன்பதுரை 49 வாக்குகளில் வென்றதாக அறிவித்தார்கள். தள்ளப்பட்ட தபால் ஓட்டுகள் 203. காரணம், சான்றொப்பம் இட்ட தலைமையாசிரியர்கள் அதற்குத் தகுதியுள்ள அதிகாரிகள் அல்லர் என்பது. ஓட்டுப் போட்டவர்கள் யாரோ அல்ல, தேர்தல் பணிக்குச் சென்ற அரசு ஊழியர்கள். தி.மு.க. வேட்பாளர் அப்பாவு வழக்குப் போட்டார். 2019 அக்டோபரில் உயர்நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது. எண்ணினார்கள். முடிவை அறிவிக்க உச்சநீதிமன்றம் தடை விதித்தது. அந்தத் தடையோடேயே சட்டமன்றத்தின் ஐந்தாண்டும் முடிந்தது. படித்த, தேர்தலே நடத்துகிற ஊழியர்களின் ஓட்டுக்கு இந்தக் கதி என்றால், ஜித்தாவில் கட்டிட வேலை செய்பவரின் உறுதிமொழிக்கு யார் சான்றொப்பம் தேடிக் கொடுப்பது?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 2021ல் ஒரு சட்டம் போட்டார்கள். தபால் ஓட்டின் உறையில் லைசென்ஸ் எண்ணையோ சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையோ எழுத வேண்டும், அது பதிவேட்டில் உள்ள எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் பதிவு செய்தபோது எந்த எண்ணைக் கொடுத்தோம் என்று யாருக்கு நினைவிருக்கும்? 2022 மார்ச் மாத முதனிலைத் தேர்தலில் வந்த தபால் ஓட்டுகளில் ஏறத்தாழ எட்டில் ஒன்று செல்லாமற்போனது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிரிட்டனில் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தால் கேட்டவர்க்கெல்லாம் தபால் ஓட்டு வந்தது. 2004ல் பர்மிங்காம் மாநகராட்சித் தேர்தலில் ஆஸ்டன், போர்ட்ஸ்லி கிரீன் என்ற இரு வட்டங்களில் தபால் ஓட்டு மோசடி பெருமளவில் நடந்ததாகத் தேர்தல் நீதிமன்றம் கண்டு, 2005 ஏப்ரலில் அந்தத் தேர்தல்களைச் செல்லாது என்றது. அவை நம் சமுதாயத்தார் நிறைந்து வாழும் பகுதிகள். மோசடியில் சிக்கியவர்களும் நம் பெயர் தாங்கியவர்கள், மோசடியால் ஓட்டிழந்தவர்களும் நம்மவர்கள். அதன் பிறகுதான் தபால் ஓட்டுக்குக் கையெழுத்தும் பிறந்த தேதியும் ஒத்துப் பார்க்கும் முறை வந்தது. வேடிக்கை என்னவென்றால், ஊரறிந்த மோசடி நடந்தது தபாலில், 2023 மே மாதம் முதல் இங்கிலாந்தில் புகைப்பட அடையாளம் கேட்டதோ சாவடிக்கு நேரில் வருபவரிடம். அந்த முதல் தேர்தலில் அடையாளம் இல்லாமல் திரும்பி, மறுபடி வராமலே போனவர்கள் ஏறத்தாழ 14 ஆயிரம் பேர்.

நான் தயங்குவதற்குக் காரணம் இதுதான். வாக்குச் சீட்டு வீட்டுக்கு வந்தால் அதை யார் நிரப்புவது? சாவடியின் மறைவில் நம் தாய்மார்களும் மனைவிமார்களும் தாமாகப் போடுகிற ஓட்டை, வீட்டு மேசையில் வைத்துக் குடும்பத் தலைவர் போட்டுவிட மாட்டாரா? பத்துப் பேர் தங்கியிருக்கும் அறையில் பத்துச் சீட்டுகளையும் ஒருவர் வாங்கி நிரப்பமாட்டாரா? இரகசியமில்லாத ஓட்டு அமானிதம் ஆகாது.

எனவே வெளிநாட்டிலுள்ளவர்களுக்காக நாம் கேட்க வேண்டியது தபால் பெட்டியல்ல, வாக்குப் பெட்டி. இந்தியத் தூதரகங்களிலும் துணைத் தூதரகங்களிலும் சாவடி வையுங்கள் என்று கேட்போம். பிலிப்பைன்ஸ் நாடு 2003ல் சட்டம் போட்டு, வளைகுடாவிலுள்ள தன் தொழிலாளர்களுக்குத் தூதரகத்தில் ஓட்டுப் போட வழி செய்தது. அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா? நேரில் வந்து, மறைவில் நின்று போடலாம். அடையாளத்துக்கு அசல் பாஸ்போர்ட் மட்டுமே என்று அடம்பிடிக்கவும் கூடாது. சட்டம் தடுத்தாலும் தொழிலாளியின் பாஸ்போர்ட்டைக் கஃபீல் தன் அலமாரியில் பூட்டி வைப்பது அங்கு சர்வ சாதாரணம். பாஸ்போர்ட் நகலும் தூதரகப் பதிவும் ஒத்துப்போனால் போதும் என்று விதி வேண்டும். நம் கட்சிகளும் இயக்கங்களும் தேர்தல் அறிக்கையில் ஒரு வரியாகப் போட்டுவிட்டு மறக்காமல், நாடாளுமன்றத்தில் நம் உறுப்பினர்களைக் கொண்டு தனிநபர் மசோதாவாகவே கொண்டு வரலாம்.

அது வரும்போது வரட்டும். ஊரில் செய்ய வேண்டியதற்கு யார் அனுமதியும் தேவையில்லை.

ஒவ்வொரு மஹல்லாவிலும் நிக்காஹ் பதிவேடு இருக்கிறது, சந்தாப் புத்தகம் இருக்கிறது, கபரஸ்தானில் அடக்கிய மய்யித்துகளின் கணக்கும் பல ஊர்களில் இருக்கிறது. இந்த மூன்றையும் வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டால் ஒரு வாரத்தில் ஊரின் முழு நிலைமையும் தெரிந்துவிடும். மௌத்தானவர்களின் பெயரைப் படிவம் 7 கொடுத்து நாமே நீக்கச் சொல்ல வேண்டும். அந்தப் பெயரில் யாராவது ஓட்டுப் போட்டால் பழி வருவது ஊருக்கு. உயிரோடு உள்ளவர் மீது வேண்டுமென்றே எவராவது படிவம் 7 கொடுத்திருந்தால், நோட்டீஸும் விசாரணையும் இல்லாமல் நீக்கக் கூடாது என்று லால்பாபு ஹுசைன் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். அதிகாரியின் முடிவு பாதகமானால் பதினைந்து நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு, அதன் பிறகும் முப்பது நாட்களுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் மேல்முறையீடு உண்டு. 2025 திருத்தத்தின்போது, ஊரில் இல்லாதவருக்காக வீட்டிலுள்ள வயது வந்த ஒருவர் உறவுமுறையைக் குறிப்பிட்டுக் கையெழுத்துப் போடலாம் என்றே இருந்தது. "அவர் ஊரில் இல்லை" என்று கதவுக்குப் பின்னாலிருந்து சொல்லி அனுப்பிய வீடுகள் அதை அறியாமல் போயின.

பதினேழு வயது முடிந்த பிள்ளைகள் இப்போது முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதி என்று ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள் உண்டு. 1946ல் நம் பாட்டனார்களில் வரி கட்டியவர்களுக்கும் சொத்து, படிப்பு உள்ளவர்களுக்கும்தான் ஓட்டு இருந்தது. இன்று அவர்களின் பேரப்பிள்ளை படிவம் 6ஐ மொபைலில் ஐந்து நிமிடத்தில் நிரப்பலாம். அதற்கும் நேரமில்லை என்கிறான்!

பட்டியல் வெளியாகும் வாரம் ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் வராந்தாவில் ஒரு மேசை போடுங்கள். பாகம் வாரியாகப் பட்டியலைக் கோத்து வையுங்கள். பெண்களுக்காக மதரஸாவில் இன்னொரு மேசை, அங்கே கல்லூரியில் படிக்கும் நம் சகோதரிகள் உட்காரட்டும். எழுத்துப் பிழைக்கும் விலாச மாற்றத்துக்கும் படிவம் 8 ஒன்றே போதும், ஐம்பது நகல் எடுத்து வையுங்கள். ஆதார், பாஸ்போர்ட், பட்டியல் மூன்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் எது சரியோ அதற்கு மற்ற இரண்டையும் மாற்றச் சொல்லுங்கள். ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியும் மேசையில் இருக்கட்டும். பட்டியலின் அச்சு மிகப் பொடியானது.